லைட்டில் என்ன கோளாறு, யாரைக் கூப்பிடுவது?

"அண்ணே, ஹால்ல லைட் எரியல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று போனில் சொன்னால் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் அதிலிருந்து ஒன்றும் புரியாது. பல்பு போயிருக்கலாம், சுவிட்ச் போயிருக்கலாம், நியூட்ரல் கழன்றிருக்கலாம், தெருவிலேயே ஒரு ஃபேஸ் இல்லாமல் இருக்கலாம். அவர் வந்து பார்த்து, சாமான் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அரை நாள் ஓடிவிடும். அவசரக்காரராக இருந்தால் கோளாறைத் தேடாமல் கையில் இருக்கும் சாமானை மாற்றிவிட்டுப் போவார். பத்து நாளில் அதே கோளாறு திரும்ப வரும்.

ஆகவே அறிகுறியிலிருந்து தொடங்குவோம். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்துத்தான்: 230 வோல்ட் சப்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ், கறுப்பு என்றால் அது திரும்பிப் போகும் நியூட்ரல், பச்சை என்றால் கசிவை மண்ணுக்குக் கடத்தும் எர்த். பழைய வீடுகளில் இந்த நிறக்கணக்கை நம்பிவிடாதீர்கள். அன்றைக்குக் கையில் என்ன வயர் இருந்ததோ அதைப் போட்டு இழுத்திருப்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை மூன்றே: மெயினை அணைத்துவிட்டு பல்பைக் கழற்றி மாட்டுவது, டிபி பாக்ஸில் (கோளாறு வந்தால் தானாக அணையும் ட்ரிப்பர்கள் இருக்கும் பெட்டி) எந்த ட்ரிப்பர் விழுந்திருக்கிறது என்று பார்த்துத் தூக்கிவிடுவது, கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று கவனிப்பது. சுவிட்ச் போர்டையோ, கூரையில் லைட் வயர் இணையும் சீலிங் ரோஸையோ திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

உடனே மெயினை அணைக்க வேண்டியவை

சில லைட்டுகள் திடீரென்று கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசமாகின்றன, வேறு சில மங்குகின்றன, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. இப்படி வந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டது என்று பொருள். நியூட்ரல் போனால் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். சில நிமிடங்களில் டிவி, ஃபிரிட்ஜ், வைஃபை ரவுட்டர் எல்லாம் வரிசையாகப் போய்விடும். பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் கோளாறு கம்பத்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பயனில்லை, இபி-க்குத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை, அல்லது சுவிட்சைச் சுற்றிப் பழுப்பு நிறத் தழும்பு. உள்ளே ஸ்க்ரூ தளர்ந்து வயர் சூடேறுகிறது. லைட் சுவிட்சில்தானே, அதில் எவ்வளவு கரண்ட் போய்விடும் என்று விடக்கூடாது. ஒரே போர்டில் அயர்ன் பாக்ஸ் பிளக்குக்கும் லைட்டுக்கும் ஒரே வயரை லூப் எடுத்திருப்பது நம் வீடுகளில் சாதாரணம்.

ஒரே ஒரு லைட் மட்டும் எரியவில்லை

வேறு இடத்தில் நன்றாக எரியும் பல்பு ஒன்றை, அணைத்துவிட்டுக் கழற்றி இங்கே மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பல்புதான் கோளாறு, கதை முடிந்தது. கெட்டுப்போன எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சள் பொட்டுகளில் ஒன்றின் நடுவே ஊசி முனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி பெரும்பாலும் தெரியும். எல்லாப் பொட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒன்று போனாலே மொத்த பல்பும் அணைந்துவிடும். இதைச் சரிசெய்யக் கூலி கொடுப்பதைவிடப் புது பல்பு வாங்கிவிடலாம்.

நல்ல பல்பும் எரியவில்லை என்றால் ஹோல்டரைச் சந்தேகப்படுங்கள். ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களும் சூட்டில் வலுவிழந்து உள்ளேயே அமுங்கிப்போகும். பல்பை லேசாகத் திருப்பினால் எரிவது, விட்டால் அணைவது, 'சிர்ர்' என்று சத்தம் வருவது எல்லாம் இதன் அடையாளம். பல்புக்குக் கீழே காகிதம் மடித்து வைத்து ஒப்பேற்றாமல் ஹோல்டரை மாற்றச் சொல்லுங்கள். சின்ன வேலைதான்.

ஃபால்ஸ் சீலிங்கில் இருக்கும் டவுன்லைட் என்றால் லைட்டைவிட அதன் டிரைவர்தான் பெரும்பாலும் போயிருக்கும். வட்ட லைட்டைக் கீழே இழுத்தால் வயரில் தொங்கும் சின்ன வெள்ளைப் பெட்டி அது. வாட்ஸ் மட்டும் பார்த்து மாற்றக் கூடாது. பெட்டியின் மேல் அவுட்புட் என்ற இடத்தில் 300 மில்லி ஆம்பியர் என்பது போல ஒரு கணக்கு இருக்கும், புதியதிலும் அதே கணக்கு இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் அந்த லேபிளைப் போட்டோ எடுத்து எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பிவிட்டால் அவருக்கு ஒரு நடை மிச்சம்.

இன்னும் பழைய டியூப் லைட் வைத்திருப்பவர்களுக்கு: இரண்டு முனையும் கறுத்திருந்தால் டியூப் போயிற்று. முனைகள் மட்டும் சிவந்து எரிந்து நடுவில் பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர். சோக் வரை போனால் அதற்குச் செலவு செய்யாதீர்கள், எல்இடி பேட்டனுக்கு மாறிவிடுங்கள்.

ஒரு அறையோ பாதி வீடோ இருட்டு

டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஒரு ட்ரிப்பர் விழுந்திருந்தால் ஒரு முறை தூக்கிவிடலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், அதற்கான பகுதி கீழே வருகிறது. எதுவும் விழவில்லை, மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் தெருவில் ஒரு ஃபேஸ் போயிருக்கக்கூடும். அந்த ஃபேஸில் இருக்கும் அண்டை வீடுகளிலும் இருட்டாக இருக்கும்.

ட்ரிப்பரும் விழவில்லை, அண்டை வீட்டிலும் கோளாறில்லை என்றால் எங்கோ ஒரு இணைப்பு விட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் வைக்கும்போது கூட நின்று பாருங்கள். ஒரு துளையில் மட்டும் எரிந்தால் ஃபேஸ் வருகிறது. இரண்டிலும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது: ஆன் செய்து வைத்திருக்கும் ஏதோ ஒரு லைட் வழியாகத்தான் கரண்ட் சுற்றி அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. "கரண்ட் வருது, ஆனா எதுவும் ஓடல" என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலைமையைத்தான். இதற்கு பல்பையும் சுவிட்சையும் மாற்றிப் பயனில்லை. ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து முறுக்கிய இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை, கூலியும் அதற்கேற்ப இருப்பது நியாயம்தான்.

லைட் மினுக்குகிறது

ஒரு லைட் மட்டும் என்றால் பல்பு, ஹோல்டர், சுவிட்ச் என்ற வரிசையில் தேடலாம். பழைய ஃபேன் ரெகுலேட்டரிலோ டிம்மரிலோ சாதாரண எல்இடி-யை மாட்டியிருந்தாலும் மினுக்கும். டிம் ஆகக்கூடியது என்று பெட்டியில் போட்டிருக்கும் பல்புதான் அங்கே ஆகும்.

வீடு முழுக்க மினுக்கினால் நேரத்தைக் கவனியுங்கள். மோட்டார் போடும்போது, ஏசி கம்ப்ரசர் எடுக்கும்போது ஒரு கணம் மட்டும் மங்கினால் பெரிதாக ஒன்றுமில்லை. காற்றடிக்கும்போது மினுக்கினால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் தளர்ந்திருக்கிறது. அது இபி வேலை. எந்தக் கணக்குக்கும் வராமல் நாள் முழுக்க மினுக்கினால் மெயின் சுவிட்சிலோ மீட்டருக்குப் பக்கத்திலோ நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். மினுக்கல்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில், முதலில் சொன்ன 400 வோல்ட் ஆபத்து இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

இது வந்தால் பலர் பேய் பிடித்த மாதிரி பயந்துவிடுகிறார்கள். எல்இடி-க்கு மிகச் சொற்பக் கரண்ட் போதும் என்பதால் வரும் தொந்தரவு இது. அந்தக் காலத்துக் குண்டு பல்பில் இதே கரண்ட் போயிருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசிவது காரணமாக இருக்கலாம். நீளமாக ஒரே பைப்பில் போகும் வயர்களுக்கிடையே தூண்டப்படும் மின்சாரமும் காரணமாகலாம், மாடிப்படி லைட்டில் இது அதிகம். இந்த இரண்டிலும் ஆபத்தில்லை. வேறு கம்பெனி பல்பு மாற்றினாலே சில நேரம் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஏசி மெயினுக்கென்றே தயாரித்த சிறிய கெபாசிட்டர் ஒன்றை லைட்டுக்குக் குறுக்கே போடுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் கவனிக்க வேண்டியது. சுவிட்ச் ஃபேஸை வெட்டாமல் நியூட்ரலை வெட்டுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். அணைத்துவிட்டோமே என்று நம்பி பல்பு மாற்றப் போகிறவருக்கு ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனிடம், "சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். எரிந்தால் ஃபேஸை சுவிட்சுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.

பல்பு அடிக்கடி போகிறது

பெட்டியில் 15,000 மணி, 25,000 மணி என்று போட்டிருப்பார்கள், நம் வீட்டில் ஆறு மாதம் தாங்காது. ஒரே ஹோல்டரில் மட்டும் போகிறது என்றால் ஹோல்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது பல்பு மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வெந்துகொண்டிருக்கிறது. எல்இடி-யின் உள்ளே இருக்கும் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. குடுவையை எடுத்துவிடுங்கள், அல்லது வாட்ஸ் குறைந்த பல்பு போடுங்கள்.

வீடு முழுக்கப் போகிறது என்றால் வோல்டேஜ்தான். விதிப்படி 230-க்கு மேலும் கீழும் 6 சதவீதம் வரை போகலாம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. நள்ளிரவில் தெருவில் லோடு குறையும்போது ஏறும். எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், முடிந்தால் இரவிலும். 250-ஐத் தாண்டுகிறது என்றால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இபி-யில் புகார் கொடுங்கள்.

ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருக்கிறது

இங்கேதான் நல்ல எலக்ட்ரீஷியனும் மற்றவரும் பிரிகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். சின்னதாக வரிசையில் இருப்பது எம்சிபி, ஷார்ட்டுக்கும் அதிக லோடுக்கும் விழுவது. லைட்டுக்கு 6 அல்லது 10 ஆம்பியர் போட்டிருப்பார்கள். டெஸ்ட் பட்டனோடு கொஞ்சம் அகலமாக இருப்பது ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் விழுவது. வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது.

எம்சிபி விழுந்தால், லைட்டைப் போட்ட கணத்திலேயே விழுகிறதா, சற்று நேரம் கழித்தா என்று சொல்லுங்கள். உடனே என்றால் ஹோல்டரிலோ லைட்டிலோ வயரிலோ ஷார்ட். நேரம் கழித்து என்றால் லோடு அதிகம், அல்லது எம்சிபி-யின் ஸ்க்ரூ தளர்ந்து சூடேறுகிறது, அல்லது எம்சிபி-யே வலுவிழந்துவிட்டது. இதற்கு "பெரிய ட்ரிப்பராப் போட்டுடலாம் சார், விழாது" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். லைட்டுக்கு இழுத்திருப்பது 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டால் ட்ரிப்பர் விழாது, சுவருக்குள் வயர் உருகும்.

ஆர்சிசிபி விழுவது வேறு கணக்கு. போகும் கரண்டும் நியூட்ரல் வழியே திரும்பும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விழுந்தால் கேட் தூண் விளக்கு, போர்டிகோ லைட், மொட்டை மாடி லைட் மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். தூணுக்குள் போன வயரில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றிய ஒரு இணைப்பு, அதற்குள் தண்ணீர். பெரும்பாலும் இவ்வளவுதான். எல்லா எம்சிபி-யையும் கீழே தள்ளி, ஆர்சிசிபி-யைத் தூக்கி, பிறகு ஒவ்வொரு எம்சிபி-யாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாம் கீழே இருக்கும்போதே விழுந்தால் குழம்ப வேண்டாம். சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எங்கோ ஈரச் சுவரையோ எர்த்தையோ தொட்டால் அப்படியும் விழும். இதையும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை குறையும்.

மழையே இல்லை, புதிதாக ஒரு லைட் போட்டதிலிருந்து விழுகிறது என்றால் நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இது சர்வ சாதாரணம். ஃபேஸை ஒரு லைனிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் கைக்கு எட்டியது என்று நியூட்ரலை வேறு லைனிலிருந்து எடுத்திருப்பார்கள். கரண்ட் போன வழியில் திரும்பாததால் ஆர்சிசிபி-யின் கணக்கில் அது கசிவுதான். லைட்டும் நல்லது, வயரும் நல்லது, ஆனாலும் போட்டவுடன் விழும். நியூட்ரலை உரிய லைனுக்கு மாற்றினால் தீர்ந்தது.

பொறுமையில்லாதவர்கள் இதற்குச் செய்யும் வைத்தியம், ஆர்சிசிபி-யைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுப்பது. அன்றோடு தொந்தரவு நிற்கும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் ஈரக்கையோடு ஒருவர் ஃபேஸைத் தொட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பதற்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை. எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. கழற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் வேறு ஆளைப் பிடித்துத் திரும்பப் போடுங்கள்.

லைட் ஃபிட்டிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது

உலோக ஃபிட்டிங்குக்குப் பச்சை வயர் வரவில்லை, அல்லது எர்த் குழி காய்ந்து வேலை செய்யவில்லை. பழைய வீடுகளில் லைட் பாயின்ட்டுக்கு எர்த் இழுத்ததே கிடையாது. இங்கே ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது: நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து எர்த் ஸ்க்ரூவில் கட்டிவிடுவது. டெஸ்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். எப்போதாவது நியூட்ரல் அறுந்தால் ஃபிட்டிங் முழுவதும் ஃபேஸ் ஏறி நிற்கும். இதைச் செய்பவரை அடுத்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

மாடிப்படி லைட் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது

மேல் சுவிட்ச் ஒரு நிலையில் இருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறதா? சமீபத்தில் யாரோ டூவே சுவிட்ச் இருந்த இடத்தில் ஒன்வே போட்டுவிட்டார்கள், அல்லது இடைவயர் ஒன்று விட்டுப்போயிற்று. டூவேயில் பின்னால் மூன்று ஸ்க்ரூ இருக்கும்.

சரி, யாரைக் கூப்பிடுவது?

மீட்டர் வரை இபி, மீட்டருக்குப் பிறகு நாம். சர்வீஸ் வயர், மீட்டர், கம்பத்து ஃபியூஸ் இவற்றில் கோளாறு என்றால் இபி-யின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் கொடுக்கலாம், மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சீலை எலக்ட்ரீஷியன் தொடக்கூடாது, "நானே பார்த்துடறேன்" என்றாலும் விடாதீர்கள்.

வீட்டுக்குள் என்றால் ஆள் தேடச் சிறந்த இடம் பக்கத்து எலக்ட்ரிக்கல்ஸ் கடை. நம் பகுதியில் யார் எந்த வேலைக்கு என்ன சாமான் வாங்குகிறார், யார் வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். "நல்ல எலக்ட்ரீஷியன் யாரு" என்று கேட்காதீர்கள், "உங்க வீட்டு வேலைக்கு யாரைக் கூப்பிடுவீங்க" என்று கேளுங்கள். பதில் மாறும். அடுக்குமாடி என்றால், அந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவரின் எண் வாட்ச்மேனிடமோ சங்கச் செயலாளரிடமோ இருக்கும். பைப் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மோட்டார் காயில் கட்டுபவர்கள் அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள், அதற்காக சுவருக்குள் போகும் வயரிங் பழுதுக்கு அவர்களை அழைக்க வேண்டியதில்லை.

பல்பு மாட்ட லைசென்ஸ் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் புது வீட்டு வயரிங், லோடு கூட்டுவது போன்றவற்றுக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வேண்டும். வேலை முடித்துச் சோதித்ததற்கு அவர் கையெழுத்திட்ட அறிக்கையை இபி கேட்கும்.

போனில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, ஆர்சிசிபி விழுது. எம்சிபி இல்ல. போன வாரம் பால்கனியில புது லைட் போட்டதுல இருந்துதான். அந்த லைட்டைப் போட்டாத்தான் விழுது, போடலைன்னா விழல." தெரிந்தவர் அங்கேயே, "இன்வெர்ட்டர் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்டவரை வரச் சொல்லுங்கள்.

வந்ததும் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மெயினையோ அந்த லைன் எம்சிபி-யையோ அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்துவிட்டுக் கை வைக்கிறாரா? பையில் மல்டிமீட்டரோ, குறைந்தபட்சம் ஹோல்டரில் வயர் மாட்டிய டெஸ்ட் லேம்ப்போ இருக்கிறதா? திறந்து பார்ப்பதற்கு முன்பே சாமான் பட்டியல் எழுதுகிறாரா? கடைசியாகச் சொன்னது நடந்தால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள்.

புது லைட் பாயின்ட் போடும்போது

கூலி பாயின்ட் கணக்கில் பேசுவார்கள். ஒரு பாயின்ட் என்றால் அதில் எவையெல்லாம் சேர்த்தி என்று முன்கூட்டியே கேளுங்கள்: வயர், பைப், பாக்ஸ், சுவிட்ச், பைப் பதிக்கச் சுவரில் காடி வெட்டிப் பூசுவது. பூச்சு வேலை பெரும்பாலும் சேர்த்தி இல்லை, அதில்தான் மனத்தாங்கல் வரும். சாமானை நீங்களே பில் போட்டு வாங்கினால் வயரில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 என்று கேளுங்கள், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பச்சை வயரும் போகட்டும்.

காடியில் பைப் வைத்த பிறகு, பூசுவதற்கு முன், டேப்பை நீட்டி வைத்து சுவரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும். வேலை முடிந்ததும் ஆர்சிசிபி-யின் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், புது லைட்டுகள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.